தொடாமல் பார்க்கணும்

“எம்பிள்ளைய இன்னைக்காவது காட்டுவியா தாயி?” பிரம்மநாயகி மருமகள் சிவகாமியிடம் கேட்டாள்.

“காட்டுதேன் அத்தை. ஆனா தொடக்கூடாது. லேசா ஆடினாலும் தாங்காது.”

ஆய்வகத்தின் குளிரூட்டிய அறைக்குள் இருவரும் சத்தமில்லாமல் நுழைந்தார்கள்.

“இந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க.”

பிரம்மநாயகி நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒரு சொட்டு நீருக்குள் ஊசிமுனையளவு படிகம் மின்னியது.

உடலில் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பிப் புரதம் அது. மாரடைப்பில் இறந்துபோன தன் கணவன் சிவசைலத்தின் மரபணுவைக் கொண்டு அதை உருவாக்கி, எங்கே கோளாறு என்று வடிவத்தில் தேடுவதற்காகப் படிகமாக வளர்த்திருந்தாள் சிவகாமி.

“அவுக ஒடம்புல இருந்த அதே புரதம்தான் அத்தை.”

பிரம்மநாயகி கண்ணை எடுக்கவில்லை.

“தாமிரபரணியில சாம்பலாக் கரைச்ச பிள்ள... ஒரு சொட்டுத் தண்ணியில திரும்பக் கூடி நிக்கானே!”