ஆமைக்குப் பத்தியம்

செம்பருத்தி இலையைக் கழுவி, காம்பு கிள்ளி, தண்ணீரை உதறிவிட்டு ஆமைக்கு முன்னால் வைத்தார் குடித்தனக்காரர். மனைவிக்கு அவர் ஒரு நாளும் கீரை ஆய்ந்து கொடுத்ததில்லை.

ஆமை முகர்ந்து பார்த்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டது. போன வாரம் வந்ததிலிருந்து இதே உண்ணாவிரதம்தான்.

குழாய் ஒழுகுவதைப் பார்க்க மாடியேறி வந்த வீட்டுக்காரர் பால்கனி வாசலிலேயே நின்றுவிட்டார்.

பூங்காவில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து உணவு ஒழுக்கம் போதிப்பவர் அவர். எந்த அறைக்குள்ளும் அவருடைய தொந்தி முதலில் வரும், அறிவுரை அடுத்து வரும், ஆள் கடைசியில்தான் வருவார்.

"வெறும் இலைதழையா? பாவம் சார். பால்ல பிரெட்டை நனைச்சுக் குடுங்க, ஒரு முட்டை குடுங்க. புரோட்டீன் வேணாமா?"

"அதையெல்லாம் குடுத்துத்தான் சார் இப்படி ஆயிருக்கு."

குடித்தனக்காரர் ஆமையைத் தூக்கி முதுகைக் காட்டினார். ஓடு மேடு மேடாகப் புடைத்திருந்தது.

"புல்லு, இலை, கடிக்கக் கொஞ்சம் கணவாய் மீன் ஓடு. இதுக்கு அவ்வளவுதான் சாப்பாடு. முன்னாடி வெச்சிருந்தவங்க பாசத்துல கண்டதையும் ஊட்டியிருக்காங்க."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. ஒரு வீட்டைக் காலி பண்ணினப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க."

"பெத்தவங்களையே விட்டுட்டுப் போற காலம்" என்று வீட்டுக்காரர் சிறிது நேரம் உலகத்துக்காக வருந்தினார். வருந்தி முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

டீயைக் கொண்டுவந்து கொடுத்த மனைவி, அந்தச் செருமலைக் கேட்டு அங்கேயே நின்றாள்.

"எனக்கு மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. நான் சயின்ஸ் படிச்சவன். ஆனா பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல பாருங்க. ஆமை புகுந்த வீடு உருப்படாது. ஒண்ணு இது போகணும், இல்ல நீங்க போகணும். கோர்ட்டுல இருக்கறவர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

குடிவரும்போது 'கோர்ட்டில் வேலை' என்று மட்டும்தான் குடித்தனக்காரர் சொன்னார். மாடியில் ஒரு ஜட்ஜ் இருப்பதாகத் தெரு முழுக்கப் பரப்பியது வீட்டுக்காரரின் சொந்தக் கைங்கரியம்.

இந்த வீடு கிடைக்க அலைந்த அலைச்சல் மனைவியின் குதிகாலுக்குத் தெரியும்.

"ஏங்க, யாருக்காவது குடுத்துடலாமே" என்றாள், வாய்க்குள்ளேயே.

கொடுக்கலாம். வாங்குகிறவர் முதல் வேலையாகப் பாலில் பிரெட்டை நனைப்பார்.

கீழே 'கறுக்' என்று ஒரு சத்தம். ஆமை இலையின் ஓரத்தைக் கடித்திருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு கடி.

குடித்தனக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பழமொழியில பாதியை விட்டுட்டீங்க சார்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

தமக்குப் பாதிதான் தெரியும் என்று ஒருவர் நினைப்பதை வீட்டுக்காரரால் தாங்க முடியுமா?

"தெரியாம என்ன! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. கோர்ட்டு ஆர்டரைத் தூக்கிட்டு வந்து, ஜப்தி பண்ணி, சட்டி பானையத் தெருவுல வைக்கிறானே, அந்த அமீனா. நம்ம வீட்டுக்குள்ள அவன் எதுக்கு சார் வரப்போறான்?"

குடித்தனக்காரர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அவன் குடிவந்து எட்டு மாசம் ஆச்சு சார். டீ ஆறுது, குடிங்க."