பதினேழாம் பக்கம்

மைதானத்தில் இருந்தவர்கள்: அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் மேனேஜர், கிளார்க் பழனிவேல், ஸ்டோர் கீப்பர் அரியமுத்து. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து வரும் சேர்மனோடு கோல்ஃப் ஆட இருவரில் ஒருவர் வேண்டும். ஆடுகிறவனுக்கு சூப்பர்வைசர் வேலை நிச்சயம் என்று ஆலை முழுக்கப் பேச்சு.

மேனேஜர் கொடுத்த பயிற்சிப் புத்தகம் ஒன்றுதான். முதல் வாரம் அது பழனிவேலிடம் இருந்தது. தினம் மூன்று பக்கம் படித்து, பீரோ கண்ணாடி முன் கம்பை வீசிப் பார்த்து, சரியாக வந்த பிறகே அடுத்த பக்கத்தைப் புரட்டினான். மறுவாரம் அரியமுத்துவிடம் கொடுக்கும்போது, மட்டை பந்தில் எப்படிப் பட வேண்டும் என்று சொல்லும் பதினேழாம் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டான். நல்ல பெண்டாட்டி, நல்ல குவார்ட்டர்ஸ் எல்லாம் அரியமுத்துவுக்குத் தானாக அமைந்திருந்தன. இதுவாவது அமையாமல் போகட்டும்.

மைதானத்தில் பழனிவேல் அடித்த பந்து நேராகப் பறந்தது. அரியமுத்து மூன்று முறை வீசினான். புல்தான் பெயர்ந்தது.

"என்னப்பா, கடலக்கொல்லையில களை வெட்டுறியா?" என்றான் பழனிவேல்.

"புத்தகத்துல ஒரு பக்கத்தக் காணோம் சார்," என்றான் அரியமுத்து.

"நல்லதாப் போச்சு. நீதான் ஆடுற," என்றார் மேனேஜர்.

"சார், நான்தானே நல்லா அடிச்சேன்?"

"அதனாலதான்யா நீ வேணாம். சேர்மனுக்குத் தோத்துப் பழக்கமில்ல."

மேனேஜர் அரியமுத்துவின் தோளில் கைபோட்டுக் கிளப்புக்குள் அழைத்துப் போனார். பழனிவேலின் சட்டைப் பையில் பதினேழாம் பக்கம் மடிந்து கிடந்தது. அரியமுத்து உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.