தானாகப் பின்னால் வந்த கார்

முதல் அறையிலேயே மெக்கானிக்கின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறை காதில் இறங்கியபோது, கார் ஷெட் சுவரில் காயாமல் இருந்த ரத்தம் அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது.

“சொல்லுடி இன்ஜினியரம்மா! கியர் கேபிளைச் சரியா மாட்டினியா, இல்லையா?” இன்ஸ்பெக்டர் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தார்.

“மாட்டினேன் சார். அடிச்சே கொன்னாலும் அதைத்தான் சொல்லுவேன்.”

“அப்போ அந்த ஆறடி ஆளை நசுக்கினது யாரு, பேயா?”

அவள் ரத்தத்தைத் துப்பினாள். குடும்பத்திலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள்தான். ஜெயில் வாசலையும் முதலில் மிதிக்கப்போவது அவள்தான் போலிருந்தது.

பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. வண்டி நகராமல் பூட்டும் ‘பார்க்’ கியரில் போட்டாலும் இன்ஜின் அதிர்வில் கியர் ரிவர்ஸுக்கு நழுவுகிறது என்று நேற்றுதான் பட்டறைக்கு வந்தது. “எத்தனை நாளாச் சொல்றேன்” என்று முணுமுணுத்த மனைவியின் தலையைப் பிடித்து, கார்க்காரன் எல்லோர் முன்னாலும் டேஷ்போர்டில் மோதினான். தட்டிக்கேட்ட மெக்கானிக்கிடம், “இது வீட்டு விஷயம், நீ ஸ்பேனரைப் பாரு” என்று சிரித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ந்த கேபிளை மாற்றிக் கொடுத்தாள்.

இன்று காலை அவன் இன்ஜினை ஓடவிட்டு, டிக்கியைத் திறக்கப் பின்னால் போயிருக்கிறான். கார் பாய்ந்து அவனைச் சுவரோடு அரைத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு நியூட்ரலில் போட்டு, காரை முன்னால் தள்ளித்தான் உடலை எடுத்தார்கள்.

“நான் சமையல்கட்டுல இருந்தேன்” என்று சொன்ன மனைவி கதவோரம் நின்றாள். அவன் தோளுக்குக்கூட வராத உயரம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“நான் போட்டுக் காட்டுறேன் சார்” என்றாள் மெக்கானிக். “நழுவுச்சுன்னா என்னைத் தூக்கி உள்ள போடுங்க.”

“நழுவலைன்னா?” இன்ஸ்பெக்டர் லத்தியால் மனைவியின் தாடையை நிமிர்த்தினார். “வீட்டுல இருந்தது நீ ஒருத்திதான். கொலைக் கேஸ்ல உன்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுவேன், தெரியுமில்ல?”

மனைவியின் திறந்திருந்த ஒரு கண் காரையே பார்த்தது.

மெக்கானிக் காரில் ஏறினாள். முட்டி ஸ்டியரிங்கில் நறுக்கென்று இடித்தது. ஆறடி ஆளின் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. பிறகு சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டாள்.

இன்ஜினைப் போட்டு, கியரைப் பார்க்கில் வைத்து, லீவரை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். கார் உறுமியது, குலுங்கியது. லீவர் பாறை மாதிரி நின்றது. அவள் கைவேலை அப்படி.

கண்ணாடியில் அந்த மனைவி தெரிந்தாள். லத்தி நிமிர்த்திய கழுத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

“என்னடி, ஆச்சா?” வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“இன்னொரு தடவை பார்த்துடறேன் சார். பின்னாடி யாரும் நிக்காதீங்க.”

கார் எகிறிப் பின்னால் பாய்ந்தது. கான்ஸ்டபிள்கள் அலறிச் சிதறினார்கள். சுவர் இடிந்து செங்கல் கொட்டியது. பின்விளக்குகள் தூள்தூளாகத் தெறித்தன.

புழுதிக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மெக்கானிக் இறங்கி வந்தாள்.

“நழுவுது சார். தப்பு என்னுதுதான்.”