நல்ல கால்

தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்ததும், மகளின் வலது முழங்காலுக்கு மேலே ஆபரேஷனுக்காக டாக்டர் வரைந்திருந்த ஊதா அம்புக்குறி கரைந்து வந்தது.

இசக்கிசெல்வி முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள்.

குட்டையாக இருப்பது இடது கால் அல்லவா! மாரிசெல்வி கைக்குழந்தையாக இருந்தபோது எலும்புக்குள் சீழ் வைத்து, அதோடு வளர்ச்சி மந்தப்பட்ட கால். பதினோரு வயதில் மூன்று விரற்கடை குறைவாக நிற்கிறது. தாராவியில் அவர்கள் சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி, இந்த டாக்டருக்குத் தெரியாமல் போயிற்றே!

சின்ன வயது டாக்டர். குறி போட்டுவிட்டு இந்தியில் என்னவோ கடகடவென்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் தலையாட்டி வைத்தாள். வார்டில் அத்தனை பேர் முன்னால் தப்பு என்று சொல்லப்போய், கோபித்துக்கொண்டு இன்னொரு நாள் வா என்றுவிட்டால்?

அவளுடைய இந்தி காய்கறிக் கடையோடு சரி. ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் புருஷன் பூலோகம்தான். அவரோ கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்.

பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்தாள். இடது முழங்காலுக்கு மேலே அதே மாதிரி ஓர் அம்பு. அவசரத்தில் கொஞ்சம் கோணிக்கொண்டது.

"உங்கம்மாவும் டாக்டராயிட்டா, பாத்துக்க."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பிள்ளை, எப்படிச் சிரிக்கும்?

பூலோகம் வந்தார். காலைப் பார்த்தார். மருந்துப் பை கையிலேயே தொங்கியது.

"இது யாரு போட்டா?"

"நாந்தான். நல்ல கால்ல போயி குறி போட்டுருக்காவ. நான் மட்டும் பாக்கலன்னா பிள்ள கதி என்ன ஆவும்?"

அவர் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"நல்ல கால்லதாம்ட்டி ஆப்ரேசன்."

குட்டைக் காலை நீட்டுவதானால் மாதக்கணக்கில் கம்பி மாட்டிக் கிடக்க வேண்டும். சீழ் வைத்த எலும்பு அதைத் தாங்குமா என்பதும் சந்தேகம். வளர்கிற காலின் முட்டியில் திருகாணி வைத்து வளர்ச்சியை நிறுத்திவிட்டால், மற்றது மெதுவாக வளர்ந்து கிட்டத்தட்டச் சமமாகிவிடும். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததைத் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

"முன்னாடியே சொன்னா நீ விடுவியா?"

விட்டிருக்க மாட்டாள். ஒரு காலாவது நன்றாக இருக்கிறதே என்றுதான் இவ்வளவு வருஷமும் தைரியமாக இருந்தாள். அதில் போய்க் கத்தி வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"பிள்ளைக்காவது தெரியுமா?"

"டாக்டர் முந்தியே அவகிட்ட வெவரமா சொல்லிட்டாவ. சரின்னுதான் சொன்னா."

டாக்டரைத் தேடிக்கொண்டு பூலோகம் வேகமாக வெளியே போனார்.

இசக்கிசெல்வி மகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும், நான் அழிக்கும்போது ஏம்ட்டி வாயத் தொறக்கல?"

மாரிசெல்வி வலது காலை மட்டும் மெல்ல இழுத்துப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.