உள்ளே நுழைந்த வளையம்

டிவியில் சொர்ணலட்சுமியின் இரைப்பை தெரிந்தது.

இருளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி சன்னதியில் திரை விலகினால் கை தானாகப் போகுமே, அப்படித்தான் போனது.

மதுரை ஆஸ்பத்திரி. முதலாளியம்மா சொர்ணலட்சுமி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய்க்குள் கேமரா வைத்த குழாய், பேச முடியாது. இருளம்மாளின் கையை மட்டும் விடவில்லை. கதவருகே கணவர் ராம்குமார் நின்றார்.

விஸ்வநத்தத்தில் அவர்களுடைய பட்டாசுக் கம்பெனி. வாசலில் பெண்களைத் தடவிச் சோதித்து உள்ளே விடுவது இருளம்மாளின் வேலை. தீப்பெட்டி, செல்போன், கொலுசு எதுவும் போகக் கூடாது. முதலாளியம்மாவுக்கும் அதே சட்டம், போட்டதே அவள்தான்.

ஐந்து வருடமாக, சோதிக்கும்போது அவள் வயிற்றுத் தோலுக்கடியில் பொத்தான் போல ஒன்று தினமும் இருளம்மாளின் கையில் தட்டுப்படும். உடம்பு இளைக்க இரைப்பையைச் சுற்றி மாட்டிய வளையத்தின் முனை அது.

நேற்றுக் காலை அந்த இடம் கொதித்தது.

"சூடான எதையும் உள்ள விடக்கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீக? ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

முதலாளியம்மாவையே வாசலில் மறித்துவிட்டாள். மறிக்காமல் விட்டிருந்தால் சீழ் பரவி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது டிவியில், ஈரச் சிவப்புக்கு நடுவே வெள்ளையாக அந்த வளையம். வெளியே மாட்டியது உள்ளே இருக்கிறது! கொஞ்சங்கொஞ்சமாகச் சுவரை அரித்து நுழைந்திருக்கிறது. அது நகர நகர, பின்னாலேயே சதை மூடிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் யார் கண்ணிலும் படவில்லை. அடி ஆத்தீ, இந்த உடம்புக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? இருளம்மாளுக்குப் புல்லரித்தது.

டாக்டர் திரும்பினார்.

"ஒரு வருஷமா இது இரைப்பையை இறுக்கவே இல்லை. பசி திரும்பியிருக்கும். நல்லா சாப்பிட்டிருப்பாங்களே?"

"வீட்டுல ஒரு இட்லிக்கு மேல தொட மாட்டா சார்," என்றார் ராம்குமார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

குழாய் நுழைந்த வாயோடு சொர்ணலட்சுமி இருளம்மாளைப் பார்த்தாள். கண் கெஞ்சியது.

இருளம்மாள் காலடியிலிருந்த தூக்குவாளியை மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

வழக்கம்போல இன்றும் அதில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.