பேர் மாறிய கட்டி

"டாக்டர், இந்த நல்ல சேதியை எங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதீங்க!"

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருபது வருஷ சர்வீஸில், கெட்ட சேதியைச் சொல்லாதீங்க என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். நல்ல சேதியை மறைக்கச் சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான்.

"நான் சொன்னது உங்களுக்குச் சரியாப் புரிஞ்சுதாம்மா?"

"புரியாம என்ன? ஒன்பது வருஷம் முன்னாடி அவர் தலையில இருந்து எடுத்த கட்டிக்கு நீங்க வெச்ச பேரு தப்பு. அவ்வளவுதானே?"

"அப்போ மைக்ராஸ்கோப்ல கட்டியோட முகத்தைப் பார்த்துத்தான் பேர் வெச்சோம். கிளியோபிளாஸ்டோமான்னு. இருக்கிறதுலயே பொல்லாதது அது. ஒண்ணரை வருஷம் தாண்டுறதே கஷ்டம்னு சொன்னோம். இவர் என்னடான்னா ஒன்பது வருஷமா ஜம்முனு வந்து போறார். சந்தேகம் வந்து, மெழுகுல பதிச்சு வெச்சிருந்த அந்தக் கட்டித் துண்டை இப்ப ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். பார்த்தா, இது வேற ரகம். ஒலிகோடென்ட்ரோகிளியோமா."

"யப்பா! பஸ் நீளத்துக்கு இருக்கே பேரு!"

"பேருதான் நீளம். ஆளு கொஞ்சம் சாது. அதோட ஒண்ணாம் நம்பர் குரோமோசோம்ல ஒரு துண்டும், பத்தொன்பதாம் நம்பர்ல ஒரு துண்டும் காணோம்..."

"ஐயோ, காணோமா?"

"காணாமப் போனதுதான் நமக்கு நல்லது. இந்த ரகம் மருந்துக்கு நல்லாக் கட்டுப்படும். மறுபடி வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், செக்கப்பை விடக் கூடாது. ஆனா நாளை எண்ணிக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. இதைப் போய் மறைக்கச் சொல்றீங்களே!"

அந்த அம்மா எழுந்து போய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்காரர் கீழே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அவர் பஸ் கண்டக்டரா இருந்தவர் டாக்டர். வீட்லயும் கண்டக்டர்தான். 'தள்ளி நில்லு, உள்ள போ'ன்னு நாள் முழுக்க ஒரே சத்தம். சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா தட்டு பறக்கும். எங்க வீட்ல நெளியாத தட்டே கிடையாது. கூடப் பிறந்த தம்பிகிட்ட ஏழு வருஷம் பேச்சே இல்ல. எதுக்குத் தெரியுமா? ஏதோ ஒரு கல்யாண போட்டோவுல தம்பி இவரை மறைச்சுக்கிட்டு நின்னுட்டாராம்!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீங்க அந்தப் பேரைச் சொன்ன அன்னிக்குத்தான் மனுஷன் மாறினார். நாள் கம்மின்னு தெரிஞ்சதும் தம்பி வீட்டுக்கு அவரே போனார். உப்பு இல்லன்னா இப்ப சத்தமில்லாம எழுந்து போய் அவரே போட்டுக்கிறார். எனக்குக் காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்திருக்கார். நான் ஒரு கதை சொன்னா, முழுசாக் கேக்கிறார் டாக்டர்! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எல்லாம் கட்டிக்குப் பயந்து வந்த குணம். பயம் போச்சுன்னா குணமும் போயிடும். அவர் இன்னும் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஆனா நல்லா இருக்கிறது அவருக்குத் தெரியாம இருக்கட்டும்!"

என்ன பொம்பளை இது என்று டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"உங்க தட்டு நெளியாம இருக்கணும்னு, ஒரு மனுஷன் தினம் சாவை நினைச்சுக்கிட்டே இருக்கணுமா? பேஷண்ட் அவர்தான். அவர்கிட்ட நான் சொல்லியே ஆகணும்."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பழைய பேர், புதுப் பேர், காணாமல் போன துண்டுகள். மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார்.

அவரோ பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சந்தோஷம் இல்லையா? அழணும்னா அழுங்க, தப்பில்ல."

"எனக்குத் தெரியும் டாக்டர்."

"என்ன தெரியும்?"

"ஒலிகோடென்ட்ரோகிளியோமா." அடுத்த ஸ்டாப்பிங் பேரைச் சொல்வதுபோலத் தங்குதடையில்லாமல் சொன்னார். "இத்தனை நாள் எப்படி உயிரோட இருக்கோம்னு எனக்கும்தான் சந்தேகம் வராதா? ரெண்டு வருஷம் முன்னாடி நானே அந்த மெழுகுத் துண்டை இங்கேருந்து வாங்கிட்டுப் போய், வேற ஒரு லேப்ல கொடுத்துப் பார்த்தேன்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் தட்டினார். ஆமாம், இருந்தது. துண்டு வெளியே போன தேதி, திரும்பி வந்த தேதி, அவருடைய கையெழுத்து. யாரும் கவனிக்கவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா உங்களுக்கு எந்தப் பயமும் இல்ல?"

"இல்ல."

"ஆனா வீட்ல ஒரு சத்தம்கூடப் போடலையாமே!"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

"ஆரம்பத்துல பயத்துலதான் அடங்கியிருந்தேன் டாக்டர். அப்புறம் ஒரு நாள், நான் உள்ள வர்றப்போ அவ பாட்டுக்கு ஏதோ பாடிக்கிட்டே துணி மடிச்சுக்கிட்டிருந்தா. முன்னாடியெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயை மூடிக்குவா. அவ பாடுவாங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் கத்த மனசு வரல."

"அட, இவ்வளவு பிரியத்தை வெச்சுக்கிட்டு, ரிசல்ட்டை மட்டும் ஏன் சார் அவங்ககிட்ட மறைச்சீங்க?"

"எப்படிச் சொல்றது டாக்டர்? எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா, பழைய ஆள் திரும்பி வந்துடுவானோன்னு அவ பயந்துடுவாளே!"