பொப்பிலான்

வீட்டைவிட்டுப் போன மகனின் கண்ணில் படுவதற்காக வேதவல்லி ஓர் இணையதளம் கேட்டிருந்தாள். வடிவமைப்பாளர் நிலோஃபர் பக்கம் முழுக்க அவன் படத்தை வைத்தாள். ஓர் எழுத்துகூட இல்லை. இணையத்தில் தேடுபவர்களுக்கு அதை முதலில் காட்டவைப்பது இம்மானுவேலின் வேலை.

"வார்த்தை இல்லாம எவன் தேடி வருவான்?" என்றான் அவன்.

"வார்த்தை போட்டா காணவில்லை போஸ்டர் மாதிரி ஆயிடும்" என்றாள் அவள்.

சண்டை முடியாததால் வேதவல்லியிடமே கேட்டார்கள். "உங்க பையன் என்ன போட்டுத் தேடுவார்மா? உங்க பேரையா, ஊர் பேரையா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். "எங்களையெல்லாம் தேட மாட்டான். நாய் பேரைப் போட்டு வேணா பார்ப்பான். பொப்பிலான். அவன் வச்ச பேரு."

நிலோஃபர் மகனின் படத்தை எடுத்துவிட்டு நாயின் படத்தை வைத்தாள். அது அன்றன்று என்ன சாப்பிட்டது என்று வேதவல்லி போனில் சொல்ல, இம்மானுவேல் படத்துக்குக் கீழே எழுதினான். உலகத்தில் வேறு பொப்பிலான் இல்லாததால் அந்தப் பக்கம்தான் முதலில் வந்தது.

பல மாதங்கள் அதை யாரும் திறக்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் அந்தப் பெயரைத் தேடி வந்தார். தினமும் வந்தார். படித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனார்.

மழைக்காலத்தில் ஒருநாள், நாய் செத்துவிட்டதாக வேதவல்லி போனில் சொன்னாள்.

"பக்கத்தை எடுத்துடவாம்மா?" என்றான் இம்மானுவேல்.



"இன்னிக்குத் தயிர்சாதம்னு போடுங்க" என்றாள் வேதவல்லி.